வெண்ணெயா, எண்ணெயா

நவம்பர் 14, வெள்ளி

கோயம்புத்தூர் போய் வந்தோம். காது மூக்கு தொண்டை மருத்துவர், என் கணவர் குணசீலனின் மூக்கில் மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார். அடைப்பு இல்லை, சதை வளரவில்லை. அக்டோபரில் வந்த காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். எத்தனை பேருக்குத் திரும்பியது, எத்தனை பேருக்கு இல்லை என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். முடியும். எங்காவது யாராவது எண்ணியிருப்பார்கள்.

மலை ஏறும்போது குணசீலன் கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு வந்தார். எனக்குக் குளிர்ந்தது. ஏற்றச் சொல்லவில்லை.

என் கணவர் குன்னூரில் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தேயிலையை ஏலத்துக்கு முன்பே சுவைத்துத் தரம் சொல்லும் வேலை. நீண்ட மேசையில் வரிசையாகக் கோப்பைகள். ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவார், துப்புவார், இரண்டு வார்த்தை சொல்வார், அடுத்த கோப்பைக்கு நகர்வார். இருபத்தாறு வருடமாக இதுதான். நாக்குக்கு இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு என்று கொஞ்சம்தான் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. அந்த மூக்குதான் போய்விட்டது.

அலுவலகத்தில் காய்ச்சலுக்குப் பிறகு அசதி என்று மட்டும் சொல்லி டிசம்பர் கடைசி வரை விடுப்பு வாங்கியிருக்கிறார். ஜனவரி இரண்டாம் தேதி மேசைக்குத் திரும்ப வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் காப்பியில் "லேசா என்னமோ தெரிஞ்சுது" என்றார். லேசாக என்பது ஓர் அளவு அல்ல. நேற்று சோப்பிலும் இப்படித்தான் தெரிந்ததாம். விரும்புகிறவனுக்கு எல்லாம் தெரியும்.

எனவே சோதித்துவிடலாம் என்றேன். சிரித்தார். "உன் பொண்ணுங்களுக்கு வைக்கிற மாதிரி எனக்கும் இன்டர்னலா?" என்று கேட்டார்.

கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். முதலாண்டு மாணவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு பெண்மணியின் கதையைச் சொல்வேன். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிட முடியும் என்றவர். அவர் சொல்வது உண்மையா என்று அறிய எட்டுக் கோப்பை வைத்தார்கள். நான் யாருடைய மனைவி என்று தெரிந்த மாணவிகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

தேநீரை வைத்துச் சோதிக்க எனக்கு மனமில்லை. கேரட் போதும். அது எனக்குச் சுலபமாக வரும் தொட்டுக்கை. குணசீலன் அதை கிளப் கேரட் என்பார், எஸ்டேட் கிளப் விருந்துகளில் கோழிக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். கேரட்டைச் சாய்வாக வில்லை வில்லையாக நறுக்கி அகலமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். பாதி மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, உப்பு, பெரிய ஸ்பூன் வெண்ணெய். மூடாமல் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றும்போது காயும் வெந்திருக்கும். மிஞ்சுகிற பாகு வில்லைகளின் மேல் ஏறிப் பளபளக்கும். அந்த நேரத்தில் மட்டும் பக்கத்தில் நின்று வாணலியைக் குலுக்க வேண்டும். அதுவரை விடைத்தாள் திருத்தலாம்.

திட்டம் இது. நாளை முதல் தினமும் மாலையில் ஒரு கிண்ணம். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் வெண்ணெய், பூ விழுந்தால் வாசனையற்ற சூரியகாந்தி எண்ணெய். மற்றதெல்லாம் ஒரே அளவு. ஆறினால் வெண்ணெய் வாயில் உறைந்து காட்டிக்கொடுக்கும் என்பதால் சூடாகவே தருவது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு எது என்று சொல்ல வேண்டும். சரியா தவறா என்று நான் சொல்லப்போவதில்லை. என் முகத்தில் ஒன்றும் தெரியாது என்பது துறை முழுக்கப் பேசுகிற விஷயம்.

நவம்பர் 17, திங்கள்

வெண்ணெய். "சாப்பிட்டுப் பாருங்க" என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். எண்ணெய் என்றார். தவறு. எனக்குப் பசியில்லை, சீக்கிரம் படுத்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

எண்ணெய். "சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டு நின்றேன். வெகுநேரம் மென்றார். வெண்ணெய் என்றார். தவறு.

நவம்பர் 22, சனி

கீழ் வீட்டு ரோஸ்லின் அக்கா படியேறி வந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், யார் வீட்டுக் குப்பைக்கூடையில் என்ன கிடக்கிறது என்பது வரை அறிந்தவர். "என்ன சாரு, தினமும் கேரட்டுத் தோலா கெடக்கு. மொயல் வளக்குறியா?" என்றார். குணசீலன் உள்ளேயிருந்து, "நாந்தாங்க்கா அந்த மொயல்" என்று குரல் கொடுத்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் வேடிக்கையாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

இன்று சரி. ஆனால் ஒரு நாளை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

நவம்பர் 26, புதன்

பத்து நாள் முடிந்தது. ஐந்து சரி, ஐந்து தவறு. நாணயம் தானே சாப்பிட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருக்கும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

நவம்பர் 29, சனி

தர்மலிங்கம் வந்திருந்தார். பதினைந்து வருடமாகக் குணசீலனுக்கு அடுத்த கோப்பையில் நிற்கிறவர். வாசனை விஷயம் தெரிந்த ஒரே ஆள். குணசீலன் திரும்பி வந்தால் தான் முதலில் சுவைத்துவிட்டு ஏதாவது சைகை காட்டுகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். யாருக்கும் தெரியாது, இரண்டொரு மாதம் சமாளித்துவிடலாம் என்றார்.

குணசீலன் நன்றி சொல்லிவிட்டுப் பேச்சை ஊட்டி உறைபனிக்கு மாற்றினார். தர்மலிங்கம் போன பிறகு பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். எதிர்ச்சரிவு முழுக்கத் தேயிலை. சிறு விவசாயிகளின் துண்டு துண்டான தோட்டங்கள். அந்த இலை எல்லாம் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து ஒரு கோப்பையாக அவர் முன் வந்து நிற்கும்.

தர்மலிங்கம் சொன்னது தவறான யோசனை என்று எனக்குத் தெரியும். அவர் கிளம்பும் முன் அவருக்கு இரண்டாவது தடவையும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

தொடர்ந்து மூன்றாவது நாள் சரி. மூன்று என்பது ஒன்றுமில்லை. எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு.

டிசம்பர் 10, புதன்

வெண்ணெய். இன்று ஒரு விசேஷம் நடந்தது, குறித்து வைக்க வேண்டும். "சாப்பிட்டுப் பாருங்க" என்று கிண்ணத்தை நீட்டினேன். ஸ்பூன் வாய்க்குப் போகும் முன்பே "வெண்ணெய்" என்றார். ஆவி மேலெழும்போதே எட்டியிருக்கிறது. பிறகுதான் சாப்பிட்டார், அதுவும் பழையபடி சத்தமாக உறிஞ்சி. அந்தச் சத்தத்துக்காகக் கல்யாண வீடுகளில் எத்தனை முறை அவரை முறைத்திருக்கிறேன்.

தோசை நான்கு சாப்பிட்டேன். குளிர்காலத்தில் பசி கூடுவது இயல்பு.

டிசம்பர் 16, செவ்வாய்

கடைசிப் பத்து நாளில் ஒன்பது சரி. வெறும் ஊகத்தில் ஒருவர் பத்துக்கு ஒன்பதோ அதற்கு மேலோ சொல்வதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் பதினொன்றுக்கும் குறைவு. இதைவிடப் பலவீனமான ஆதாரத்தை வைத்துக்கொண்டு மருந்துகளே விற்கிறார்கள்.

ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்தேன். பிறகு கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். சொல்வதில்லை என்ற என் விதியை நானே மீறினேன். "அப்ப வந்துருச்சுங்கிற?" என்றார். எண்கள் அப்படித்தான் சொல்கின்றன என்றேன்.

சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. பிறகு மிளகுத்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். கேட்டதற்கு, "மூக்கடைப்பு" என்றார்.

டிசம்பர் 25, வியாழன்

ரோஸ்லின் அக்கா கேக் கொடுத்தனுப்பினார். பட்டை தூக்கலா என்று கேட்டனுப்பியிருந்தார். குணசீலன் சரியாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். எனக்குத் தூக்கலாகத்தான் பட்டது. ஆளுக்கு ஆள் வேறுபடும்.

டிசம்பர் 31, புதன்

கேரட் சோதனையை இன்றோடு நிறுத்திவிட்டேன். கடைசி ஐந்தும் சரி.

ஜனவரி 2, வெள்ளி

ஏழரைக்குக் கிளம்பினார். டேஸ்டிங் மேசைக்கு வாசனைத் தைலம் ஆகாது என்பதால் தலையில் எண்ணெய்கூட வைத்துக்கொள்ளாமல், பழைய வழக்கம் எதுவும் பிசகாமல். வாசல் வரை போய் வழியனுப்பினேன். பொதுவாக நான் போவதில்லை.

சாயங்காலம் வந்து, "பரவால்ல" என்றார்.

ஜனவரி 6, செவ்வாய்

பரவாயில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். எனக்கு வகுப்பு இல்லாததால் வீட்டில் இருந்தேன். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் ஒரு தொழிற்சாலையின் தேயிலையைச் சுவைத்து, நல்ல நிறம், குறையில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார். அடுத்து நின்ற தர்மலிங்கம் கரண்டியை வாயில் வைத்தவுடன் அவர் காதருகில் குனிந்து, "சார், புகை" என்றாராம்.

இலையை உலர்த்தும் அடுப்பில் குழாய் எங்காவது ஓட்டையாகிவிட்டால் விறகுப் புகை தேயிலையில் ஏறிவிடும். இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே யாரும் கண்டுபிடித்துவிடுகிற குறை அது. அறையில் நுழைந்தாலே தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

"தர்மா இல்லேன்னா நல்ல டீன்னு எழுதிப் போயிருக்கும். அடுப்பு ஓட்டைன்னு அந்த ஃபேக்டரிக்கு யாரு சொல்லுவா? ஜனங்க பறிச்சுக் கொண்டாந்து கொட்டுற இலைய மாசம் பூராப் பொகையிலயே போட்டுட்டிருப்பான்."

ஒரு கோப்பையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றேன். பத்துக்கு ஒன்பது இருக்கிறது என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாரு, அங்க மேசையில யாரும் எங்கிட்ட 'பாருங்க'ன்னு சொல்றதில்ல."

புரியவில்லை என்றேன்.

"நீ வெண்ணெய் போட்ட அன்னிக்கு 'சாப்பிட்டுப் பாருங்க'ம்ப. எண்ணெய்னா வெறும் 'சாப்பிடுங்க'. ஒரு நாள்கூட மாறல."

அப்படி இருக்காது என்றேன். நான் உள்ளே வந்து இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். நவம்பர் 17. நவம்பர் 19. டிசம்பர் 10. என் கையெழுத்திலேயே இருக்கிறது. டிசம்பர் 10 அன்று ஸ்பூன் வாய்க்குப் போகும் முன்பே சொன்னார் என்று வேறு எழுதி, விசேஷம் என்றும் குறித்திருக்கிறேன். ஒரு மாணவி இந்தத் தரவைக் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். சோதிக்கிறவருக்கும் விடை தெரிந்திருக்கக் கூடாது என்பது இரண்டாம் பருவப் பாடம்.

வெண்ணெய் நாட்களில் எனக்கு ஏதோ எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது போலும். அது வாய்வழியாக வந்திருக்கிறது.

திரும்பிப் போய், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதலில் தனக்கே தெரியாது என்றார். நாக்குதான் சொல்கிறது, மூக்கு விழித்துக்கொண்டிருக்கிறது என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார். நான் எண்ணிக்கை சொன்ன அன்று மிளகை முகர்ந்து பார்த்தபோதுதான் சந்தேகம் வந்ததாம். கடைசி வாரம் தெரிந்தே சொன்னாராம்.

"ஏன்?" என்றேன்.

"நான் தப்பாச் சொன்ன அன்னிக்கெல்லாம் நீ சாப்பிடாமப் படுத்த. வேற என்ன பண்ணச் சொல்ற?"

நான் சாப்பிடாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜனவரி 10, சனி

திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். மருத்துவரே ஆறு மாதம் என்றிருக்கிறார், தர்மலிங்கம் இருக்கிறார், இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்றேன். இருபத்துநான்கு வருடத்தில் எந்த மாணவிக்கும் நான் மறுதேர்வு வைத்ததில்லை.

"ஒரு மாசத்துல எத்தன கோப்பை தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, சொல்வதற்கு முன் தனக்கு ஒருமுறை ஒழுங்கான சோதனை வேண்டும் என்றார். நான் இல்லாமல்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து பன்னிரண்டு கிண்ணம் சமைத்து, வெந்நீர்த் தட்டில் ஆறாமல் வைத்தேன். ஆறு வெண்ணெய், ஆறு எண்ணெய். அடியில் எண் ஒட்டி, எந்த எண் எது என்று எழுதிய தாளை நானே வைத்துக்கொண்டேன். கிண்ணங்களை நீட்டப்போவது ரோஸ்லின் அக்கா, நேற்றே விஷயத்தைச் சொல்லியிருந்தோம். அவரும் வாசனை பிடித்து எது என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் அவருடைய பழைய ஆஸ்பத்திரி முகமூடியை மாட்டிக்கொள்ளச் சொன்னேன், உள்ளே துளி தைலம் தடவி. நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியே அக்காவின் குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரே மாதிரி, ஊசி போடும் குரலில், "ம், வாயத் தெறங்க." அவர் சொல்வது கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அக்கா தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "பாஸா, ஃபெயிலா? சீக்கிரம் சொல்லு, எனக்குச் சர்ச்சுக்கு நேரமாவுது."

ஒப்பிட்டேன். ஐந்து. மறுபடி ஒப்பிட்டேன். ஐந்தாவது கிண்ணத்தில் அக்கா எழுதியிருந்தது 'வெ' என்றும் படிக்கலாம், 'எ' என்றும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் ஐந்து ஆறாகுமே தவிர வேறொன்றும் ஆகாது. அதற்கே அவ்வளவு நேரம் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூடத்துக்குப் போனேன். "எத்தன?" என்றார்.

"அஞ்சு."

"பன்னெண்டுக்கா?"

"ஆமா."

தலையாட்டினார். அக்கா முகமூடியைக் கழற்றாமலே அவர் தோளில் கை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஜனவரி 12, திங்கள்

சொல்லிவிட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மேலாளர் எத்தனை நாளாக என்று கேட்டிருக்கிறார். அக்டோபரிலிருந்து என்றிருக்கிறார் இவர். மேசைக்குத் திரும்பியதிலிருந்து சுவைத்தவற்றின் பட்டியலையும் கொடுத்து, எல்லாவற்றையும் தர்மலிங்கத்தை விட்டு மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். சைகை யோசனையைப் பற்றி மூச்சுவிடவில்லை. நல்லது.

மூக்கு திரும்பும் வரை மேசைக்கு வர வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. தொழிற்சாலைகளுக்குக் கடிதம் எழுதும் பிரிவில் உட்கார வேண்டும். மற்றவர்கள் சுவைத்துச் சொன்னதைப் படித்து, அடுப்பைப் பாருங்கள், இலையைப் பாருங்கள் என்று எழுதும் வேலை. பலகையில் இருந்த டேஸ்டர்கள் பட்டியலில் அவர் பெயரை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அவருடைய கரண்டியைத் தர்மலிங்கம் கழுவித் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அது அலமாரியில் இருக்கிறது. எந்தத் தட்டு என்று நான் கேட்கவில்லை.

முதல் கடிதம் அந்தப் புகை அடித்த தொழிற்சாலைக்குத்தானாம். கடிதத்தோடு போனிலும் சொன்னதால் அவர்கள் இன்றே குழாயைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். விரல் நுழைகிற ஓட்டை.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் விடுமுறை முடிகிறது. மதியத்துக்குச் சப்பாத்தி. தொட்டுக்கொள்ள என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கேரட் என்றார். இரண்டு மாதம் தின்றது போதாதா என்றேன். "அதெல்லாம் பரீட்சை. இன்னும் ஒரு தடவைகூடச் சாப்பிடல" என்றார்.

நாணயத்தை எடுக்கவில்லை. கேத்தியிலிருந்து வந்த கேரட், பனிக்குப் பிறகு பிடுங்கியது. தண்ணீர் வற்றத் தொடங்கியதும் அவர் சமையலறைக்கு வந்து மேடையில் சாய்ந்து நின்றார்.

"என்ன வாசனை வருது, சொல்லு" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தா எங்க ஆபீஸ்ல அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுருவாங்க. சரியாச் சொல்லு."

எனக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்லை. வாணலியின் மேல் குனிந்தேன். ஆவி மூக்குக் கண்ணாடியை மூடியது, கழற்றி வைத்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் வருமே, அதில் தீய்ந்த வாடையைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அது வெண்ணெய், கேரட் எங்கே என்றார். அடியில் என்றேன். ஒடித்தால் வருகிற பச்சை வாடை போய்விட்டது, சோளம் வேகும்போது வருவது மாதிரி, ஆனால் அதைவிடக் கனமாக, கொஞ்சம் மண்ணோடு. சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை என்றேன்.

"போதாது" என்றார். "இன்னும்."

வாணலியைக் குலுக்கிவிட்டு மறுபடியும் குனிந்தேன்.